குடம் பத்து ரூபாய்

இன்று காலை உன் மகன் வீட்டுத் தண்ணீர் என் வீட்டுக்குள் வந்துவிட்டது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி, சுவரோடு வழிந்து, நடுச்சந்தில் இறங்கி, என் பின்வாசல் படியைத் தாண்டி வந்து பீரோவின் காலை நனைத்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு அவன் பைக்கை எடுத்துக்கொண்டு ஜங்ஷன் பக்கம் டீ குடிக்கப் போயிருந்தான். நான் ஒருத்தியாக முக்கி முனகி பீரோவைத் தள்ளினேன். அது ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த வெள்ளை ஓடு வெளியே வந்தது. எடுத்துத் திருப்பினால் பென்சிலில் உன் கையெழுத்து.

அதில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் திட்டித் தீர்க்க வேண்டும்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. செத்துப் போனவர்களைப் பற்றி எல்லோரும் உருகி உருகி எழுதுகிறார்கள். எனக்கு அப்படி வரவில்லை. உன்மேல் எனக்குக் கோபம். என்மேல் அதைவிடக் கோபம். சாக்கடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு லைனில் குடியிருந்துகொண்டு, குடிக்காமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய். டாக்டர் உன்னைக் குடிக்கச் சொன்னது நாளைக்கு நான்கு லிட்டர். என் வீட்டுக்காரர் தன் ஆட்டோவின் முன்சக்கரத்துக்கு மட்டும் அதைவிட அதிகமாகப் பீய்ச்சியடிப்பார். நீயும் நானும் வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதானே பேசுவோம்.

அப்போது நாம் ஐந்து குடித்தனம். ஒரே ஓனர், ஒரே போர், ஒரே மோட்டார், மேலே ஒரே தொட்டி. மோட்டார் கரண்டு பில் வந்தால் ஐந்தாகப் பிரித்துக் கொடுத்துவிடுவோம். யார் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஒவ்வொரு வீட்டுக்கும் அடுத்த வீட்டின் மேல்தான் சந்தேகம். ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர் முதல் வீட்டில் இருந்தார், நாம் சார் என்று கூப்பிடுவோம். பில் வரும் நாளெல்லாம் அவர் அதையேதான் கேட்பார்.

"எங்க வூட்ல ரெண்டே பேருதாம்மா. ஆட்டோ கழுவுற வூடும் நாங்களும் ஒரே காசா?"

கேட்டுவிட்டு உள்ளே போய் அவரும் குழாயை நன்றாகத் திறந்துவிட்டுக் குளிப்பார். எப்படியும் ஐந்தில் ஒன்று கொடுக்கத்தான் வேண்டும், நாம் மட்டும் ஏன் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு. அவருக்கு மட்டும் இல்லை, எனக்கும் அதே நினைப்புதான்.

உனக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. நீ பொம்மைப் பட்டறையில் களிமண்ணைக் கரைத்து அச்சில் ஊற்றுகிறவள். தண்ணீர் என்றால் உனக்கு அளவு. "ஒரு சொம்பு கூடிச்சின்னா அச்சுல பொம்மை நிக்காதுடி, கொறஞ்சா வெடிச்சிடும். எவ்ளோன்னு தெரியணும். தெரிஞ்சாதான் கை அடங்கும்" என்பாய். ஓனரை நச்சரித்து ஐந்து வீட்டுக் குழாயிலும் ஒவ்வொரு மீட்டர் மாட்ட வைத்தாய். பட்டறையிலிருந்து ஐந்து ஓடுகள் கொண்டுவந்தாய். ஒருமுறை சுட்டு, மெருகு பூசாமல் தள்ளிவிட்டவை. பென்சிலால் எழுதலாம், ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் போய்விடும். வீட்டுக்கு ஒன்றாக வாசல் நிலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து மீட்டரையும் பார்த்து, அந்த வாரம் எந்த வீட்டில் எத்தனை லிட்டர் என்று எழுதிவிட்டுப் போவாய்.

கொறைங்க என்று நீ யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுதினாய், போனாய், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரமே நம் லைன் மாறிப்போனது. ரயில்வே சார் வாளியில் பிடித்துக் குளிக்க ஆரம்பித்தார். கொத்தனார் வீட்டில் அரிசி கழுவிய தண்ணீர் முருங்கைக்குப் போனது. ஒரு நாளைக்கு மூன்று தடவை ஓடிய மோட்டார் இரண்டு தடவையோடு நின்றது. காலையில் பால் வாங்கப் போகிறவர்கள் எல்லோர் வாசலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். உன் வீடுதான் எப்போதும் குறைவு. நீ, உன் மகன், படுத்த படுக்கையாக உன் மாமியார், மூன்று பேருக்கும் சேர்த்து எல்லோரிலும் சின்ன எண். அதில் உனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, மறைக்காதே.

எல்லோரிலும் பெரிய எண் என் வீட்டு ஓட்டில் இருந்தது.

நான் சத்துணவு அமைப்பாளர். பள்ளிக்கூடத்தில் அரிசியையும் பருப்பையும் பிள்ளைக்கு இவ்வளவு என்று கிராம் கணக்கில் நிறுத்துப் போடுகிறவள். ஒரு முட்டை குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவள். அந்த என் வாசலில் வாரம் தவறாமல் என் மானம் தொங்கியது. நானும் சும்மா இல்லை. ஆட்டோவை வாளித் தண்ணீரில் துடையுங்கள் என்று வீட்டுக்காரரோடு சண்டை போட்டேன். துணி அலசிய தண்ணீரில் வாசல் கழுவினேன். இதெல்லாம் உனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயம் பார்த்து என் கொழுந்தன் வந்தார். ஐந்து வாசலையும் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணி, ஒங்க வூட்லதான் ஜாஸ்தி போலருக்குது" என்று சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ பென்சிலோடு வந்து எழுதி முடித்தபோது, ஐந்து வீட்டையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கத்தினேன். எழுதி எழுதி எங்கள் மானத்தை வாங்க நீ யார் என்று கேட்டேன். மீட்டர்தான் இருக்கிறதே, யார் எவ்வளவு பிடிக்கிறார்களோ அதற்குத் தகுந்த பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறோம், வாசலில் எதற்கு விளம்பரம் என்று கேட்டேன். நியாயம்தானே? கேட்டவர்கள் எல்லோரும் நியாயம் என்றார்கள். ரயில்வே சார் முதல் ஆளாகத் தலையாட்டினார்.

நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "காசுன்னு ஆயிட்டா, குடுத்துட்டோம்னு ஆயிடும்டி. அப்புறம் யாரு கையி அடங்கும்?" என்றாய். நான் காதில் வாங்கவில்லை. நீ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டாய். ஏன் போனாய்? அத்தனை பேர் முன்னால் என்னை நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டியதுதானே? பட்டறை மேஸ்திரியிடம் அந்த வாய் வாயாடுவாய், என்னிடம் மட்டும் ஏன் விட்டுக்கொடுத்தாய்? நீ அந்தப் பக்கம் போனதும் என் ஓட்டைக் கழற்றி, அதில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், பீரோவுக்கு அடியில் கவிழ்த்து வைத்தேன்.

பணக் கணக்கை நானே போட்டேன். கரண்டு பில்லை மொத்த லிட்டரால் வகுத்தால் ஒரு குடம் பத்துப் பைசாகூட வரவில்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு டீக் காசுக்கு நூறு குடம்! இதற்காகவா இத்தனை நாள் ஈரத்துணியால் வண்டியைத் துடைத்தோம் என்று என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலமே ஓஸ் பைப்பை எடுத்தார். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. நானும் மொசைக் தரையைத் தினம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். யாராவது பார்த்தால், "காசு குடுக்குறோம்ல" என்ற ஒரு வார்த்தை கையில் தயாராக இருந்தது. எவ்வளவு பிடிக்கிறோம் என்று தெரிந்தபோது கூசிய கை, என்ன விலை என்று தெரிந்ததும் தைரியமாகத் திறந்தது. ஐந்து வீட்டுக்கும் அந்த வழியைக் காட்டிக் கொடுத்தது நான்தான், வேறு யாரும் இல்லை.

மாசி மகத்துக்கு ஐந்து வீட்டிலும் விருந்தாளிகள் நிறைந்திருந்தார்கள். கூட்டம் கலைந்து பத்து நாள்கூட ஆகவில்லை, மோட்டார் ஓடியது, குழாயில் காற்று வந்தது. இன்னும் ஆழமாகப் போட வேண்டும், போர் போடும் வண்டி கிடைக்கத் தாமதமாகும் என்றார் ஓனர். வெயில் காலம் முழுக்க லாரித் தண்ணீர்தான். சந்து முனையில் டிரம்மில் ஊற்றிவிட்டுப் போவார்கள், வீட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு குடம்.

அந்த வெயிலில்தான் நீ பட்டறையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய். எங்கள் ஆட்டோவில் வைத்து நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கல் என்றார் டாக்டர். "நாலு லிட்டர் தண்ணி குடிக்கணும்மா. இத விட்டீங்கன்னா கிட்னி போயிடும்" என்று உன்னிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கூட வந்தவள் கவனித்துக்கொள்வாள் என்று நினைத்திருப்பார். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

உன் நான்கு குடத்தில் மூன்று குடம் உன் மாமியாரைக் கழுவவும் துணி அலசவுமே சரியாகப் போனது. மிச்சத்தில் சமையல் ஆக வேண்டும், உன் மகன் ஸ்கூலுக்குப் போகக் குளிக்க வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும், சந்தில் நின்றுகொண்டு பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். என் வீட்டில் வசதி இருந்தது. வீட்டுக்காரர் ஆட்டோவில் வெளியிலிருந்து தினமும் பத்துக் குடம் தனியாக வாங்கி வந்து இறக்குவார். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அதில் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உன் வாசலுக்கு வந்தேன். நீ வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய், பையில் காலி பாட்டில் இருந்தது. உன் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். குடத்தை வாங்க இரண்டு கையையும் நீட்டிவிட்டாய்.

அப்போது நான் சொன்னேன்:

"பாத்து ஊத்திக்கடி. குடம் பத்து ரூபா, தெரியுமில்ல?"

வேடிக்கையாகத்தான் சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வேடிக்கை இல்லை. நான் கொடுக்கிறேன் என்பது உனக்குத் தெரிய வேண்டும், எவ்வளவு கொடுக்கிறேன் என்பதும் தெரிய வேண்டும். அவ்வளவு அற்பத்தனம். நீட்டிய கையை நீ மெல்ல மடக்கிக்கொண்டாய். "வேணாம்டி, இருக்குது. நீ எடுத்துட்டுப் போ" என்றாய். காலி பாட்டிலோடு பஸ் ஏறப் போனாய்.

இருந்தால் பாட்டில் ஏன் காலியாக இருந்தது? நான் ஓடிவந்து உன் பையைப் பிடுங்கி அதை நிரப்பியிருக்க வேண்டும். நீயாவது என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுக் குடத்தைப் பிடுங்கியிருக்க வேண்டும். பத்து ரூபாயை என் மூஞ்சியில் எறிந்துவிட்டாவது குடித்திருக்க வேண்டும். உனக்கு ரோஷம், எனக்கு வீம்பு. முழுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். வீட்டுக்கு வந்து அதே தண்ணீரில் பாத்திரம் கழுவினேன்.

வெயில் முடிந்தது, போரை ஆழப்படுத்தினார்கள், தண்ணீர் வந்தது. நீ மட்டும் பழையபடி ஆகவில்லை. காலையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போவாய், சாயங்காலம் முக்கால் பாட்டில் அப்படியே திரும்பி வரும். கேட்டதற்கு, "குடிச்சா போவணும்ல? அங்க கக்கூசுக்குக் கதவே இல்லடி, எங்க போறது?" என்று சிரித்தாய். பொம்மைக்குச் சொம்பு சொம்பாக அளந்து ஊற்றத் தெரிந்தவளுக்கு, சொந்த உடம்புக்கு எவ்வளவு போகிறது என்று அளக்கத் தெரியவில்லையா? அத்தனை பெண்கள் வேலை பார்க்கிற இடத்தில் ஒரு கதவு போட வக்கில்லாதவன் மேல் வருகிற கோபத்தைத் தனியாக வைத்திருக்கிறேன், அது இந்தக் கடிதத்தில் அடங்காது.

என் வீட்டுக்கு வருவாய், உட்காருவாய், கதை பேசுவாய். சொம்பை நீட்டினால், "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்பாய். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு என் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் நீ குடித்ததில்லை. அது எனக்குத் தெரியும் என்பதும் உனக்குத் தெரியும். தப்புதான்டி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். வருடக்கணக்கில் அடுத்தடுத்த வாசலில் இருந்தும் சொல்லவில்லை.

கல் அடைத்து, கிருமி ஏறி, இரண்டு கிட்னியும் போய், புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். பார்க்க வந்தபோது வீட்டிலிருந்து ஒரு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் காய்ச்சி ஆற வைத்து எடுத்து வந்தேன். இந்தத் தடவை எந்த விலையும் சொல்லாமல் உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று பஸ்ஸில் வழி முழுக்க நினைத்துக்கொண்டே வந்தேன். நர்ஸ் பாட்டிலை வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டார். இனிமேல் உடம்பில் தண்ணீர் தங்கக்கூடாதாம், நாளைக்கு இத்தனை டம்ளர்தானாம். உன் தலைமாட்டில் ஒரு தாளில் நீ குடித்த ஒவ்வொரு மடக்கையும் நேரம் போட்டு எழுதியிருந்தார்கள். நீ அந்தத் தாளைக் காட்டி, உலர்ந்த உதட்டோடு சிரித்தாய்.

"பாத்தியா அமைப்பாளரம்மா, இப்பதான் எனக்கு மீட்டர் மாட்டியிருக்காங்க."

உன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஈரத்துணியால் உன் உதட்டைத் துடைத்துவிட மட்டும் விட்டார்கள். நிறைந்த பாட்டில் ஜன்னலில் அப்படியே இருந்தது.

இப்போது அந்த ஓட்டுக்கு வருகிறேன். மேலே அந்த வார எண். அதற்குக் கீழே, மற்ற வாரங்களில் நீ எழுதாத ஒன்று, சின்ன எழுத்தில்: "போன வாரத்தவுட எரநூறு கொறச்சல். சூப்பர்டி."

நான் உன்னிடம் கத்துவதற்கு முன்பே அதை எழுதித் தொங்கவிட்டிருக்கிறாய். நான் வாளித் தண்ணீரில் வண்டி துடைக்க வைத்ததையும் அலசிய தண்ணீரில் வாசல் கழுவியதையும் நீ கவனித்திருக்கிறாய். என் எண்ணும் இறங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஐந்து பேர் முன்னால் நான் ஆடியபோது, திரும்பி அதைப் படிடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வாயை மூடியிருப்பேன். சொல்லாமல் போனாயே, பாவி. படிக்காமல் கவிழ்த்து வைத்த நான் உன்னைவிடப் பெரிய பாவி.

ஓட்டை எடுத்துக்கொண்டு நேராக உன் மகன் வீட்டுக்குப் போனேன். உன் பழைய பங்கை ஓனரிடம் விலைக்கு வாங்கி, இடித்து மாடி வைத்துக் கட்டியிருக்கிறான், எல்லாம் வெளிநாட்டுச் சம்பாத்தியம், தனி போர், தனி மோட்டார். டீ குடித்துவிட்டு அப்போதுதான் வந்து இறங்கினான். மேலே இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. என் வீடெல்லாம் தண்ணீர் என்றேன். பதறிப் போய் மோட்டாரை நிறுத்தினான். நல்ல பிள்ளைதான். ஆனால் திரும்பி வந்து பர்ஸை எடுத்தான் பார், அங்கேதான் எனக்குத் தலைக்கேறியது.

"சாரி பெரியம்மா. இன்னா நஷ்டமோ சொல்லுங்க, குடுத்துடுறேன். தண்ணிதான, இன்னா காசு ஆயிடப் போவுது?"

நான் சொல்லிக்கொடுத்த பாடம், என்னிடமே திரும்பி வந்தது. அவனை நிற்க வைத்துத் தெருவே பார்க்கும்படி கத்தினேன். பர்ஸை உள்ளே வை என்றேன். எவ்ளோ கொட்டிச்சுன்னு சொல்லுடா, காசு கேக்கல, எவ்ளோன்னு கேக்குறேன் என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. ஓட்டை அவன் கையில் கொடுத்தேன். எழுத்தைப் பார்த்ததும் அவனுக்கு யார் கை என்று தெரிந்துவிட்டது. பிறகு குழாயடியில் உட்கார்ந்து, மூடியைத் திறந்து, தூசி படிந்திருந்த பழைய மீட்டரைத் துடைத்துப் படித்தான். அந்த எண்ணை எழுத அவனுக்கு ஓடு இல்லை. என்னுடையதைக் கேட்டான். தர மாட்டேன், பட்டறையில் போய் ஒன்று கேட்டு வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன்.

நம் சந்திலிருந்து இன்னும் நான்கு பெண்கள் பட்டறை வேலைக்குப் போகிறார்கள். சாயங்காலம் அவர்கள் வரும்போது வாசலில் நின்று பாட்டிலைக் காட்டச் சொல்லுவேன், உனக்குத் தெரியாது. தண்ணீர் மிச்சம் இருந்தால் அதே இடத்தில் நிற்க வைத்துக் குடிக்க வைத்துவிட்டுத்தான் விடுவேன். கிழவிக்கு வேறு வேலையில்லை என்று பின்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். போன மாதம் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கதவுக்காகப் பட்டறைக்கே போய் நின்றேன். பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். மறுபடியும் போவேன்.

ஓட்டைத் துடைத்து என் வாசலில் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டேன். நீ எழுதியதை அழிக்கவில்லை. அதற்குக் கீழே இடம் கொஞ்சம்தான் இருக்கிறது. மீட்டர் எண்ணை எழுதினேன். அதற்கும் கீழே, உன் ஐந்து ஓட்டிலும் நீ எழுதாமல் விட்ட ஒன்றை எழுதினேன்: குடித்தது நான்கு லிட்டர்.

வாசலுக்கு யார் வந்தாலும் சொம்பை நீட்டுகிறேன், விலை எதுவும் சொல்வதில்லை. ஒவ்வொரு தடவை நீட்டும்போதும் நீ மடக்கிக்கொண்ட அந்த இரண்டு கையும் என் கண் முன்னால் வருகிறது. எதிரில் நிற்பவர் வாங்கிக் குடித்து முடிக்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.